அண்ணியின் ஸ்டாக் அறையும் ஸ்டோர் அறையும்

எங்கள் மையத்தில் வார்த்தையைப் பார்த்துத்தான் விட வேண்டும். செயற்கைக் கை, கால் செய்து மாட்டிவிடும் இடம் அது. வெளியே ஆயிரம் பேர் "கொஞ்சம் கை குடுங்க" என்பார்கள், "கடைசி நேரத்துல காலை வாரிட்டான்" என்பார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தோல் மூட்டையைத் தூக்க முடியாமல், "அண்ணி, ஒரு கை குடுங்க" என்று கத்தினேன். அண்ணி அலமாரியைத் திறந்துகொண்டே "இடதா, வலதா?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அண்ணி அங்கே ஸ்டோர் கீப்பர். நான் வார் தைப்பவன். மாட்டிய கால் நழுவாமல் தொடையோடு இழுத்துக் கட்டுகிற தோல் வார்கள் எல்லாம் என் மெஷினிலிருந்து போவதுதான். எல்லாரும் என்னை ஊசி என்பார்கள். தொழிலால் வந்த பெயர் என்று நான் சொல்வேன், வாயால் வந்த பெயர் என்று மாஸ்டர் சொல்வார். மாஸ்டர்தான் மாவுக்கட்டுப் போட்டு அச்செடுத்துக் கால் வார்ப்பவர். நான் வாயைத் திறந்தால் அவருக்குப் பொறுக்காது, மூடினால் போரடிக்கும்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு மீசை அரும்பவில்லை. அம்மா போய்ச் சேர்ந்த வருஷமே அண்ணன் கல்யாணம் செய்துகொண்டான். தம்பிக்குச் சோறு போட ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் செய்துகொண்டான் என்று நான் கிண்டல் செய்வேன். அதில் பாதி உண்மை. அண்ணன் வீடு வீடாகப் போய்க் கரண்டு மீட்டர் பார்க்கிறவன். வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவான், தூங்குவான், நடுவில் "ம்" என்பான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அண்ணிக்கு இருந்த அக்கறை மொத்தமும் என் தலையில்தான் விடிந்தது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகியிருந்தாலும் அந்த அக்கறை குறைந்திருக்காது, வந்தவள்தான் ஓடியிருப்பாள்.

மையத்துக்கு வருவதற்கு முன் அண்ணி ஒரு செருப்புக் கடையில் உள்ளறையைப் பார்த்துக்கொண்டாள். வாசலில் ஆள் ஏறும்போதே பாதத்தைப் பார்த்து அளவு சொல்லிவிடுவாள். கடை மூடியதும் இங்கே வந்தாள். அங்கே ஜோடி ஜோடியாக அடுக்கியவள், இங்கே ஒற்றை ஒற்றையாக அடுக்கினாள். முதல் மாதம் அவளுக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை என்று அண்ணன் சொன்னான். அவன் சொன்ன நீளமான வாக்கியங்களில் அது ஒன்று.

வராந்தாவின் கோடியில் எதிரெதிரே இரண்டு அறைகள். ஒரு கதவில் இங்கிலீஷில் ஸ்டாக் என்று பலகை, மற்றதில் ஸ்டோர் என்று பலகை. எப்போதோ இருந்த நிர்வாகி மாட்டிவிட்டுப் போனது. அவர் என்ன நினைத்து மாட்டினாரோ, ஒரே பலகையை இரண்டு தரம் அடிக்கச் சங்கடப்பட்டாரோ, யாருக்கும் தெரியாது. மற்றவர்கள் வாயில் வந்ததைச் சொல்வோம். "ஸ்டாக்ல பாரு, ஸ்டோர்ல கேளு", எல்லாம் ஒன்றுதான். அண்ணியிடம் மட்டும் அது நடக்காது. ஸ்டோரில் போய் ரப்பர் பாதம் கேட்டால், "அங்க ஏது?" என்று ஏதோ கோவிலுக்குள் செருப்போடு வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள்.

அவள் கணக்கு இதுதான். ஸ்டாக் அறையில் ரப்பர் பாதங்கள், முழங்கால் மூட்டுகள், குழாய்கள், திருகுகள், என் வார்கள். எல்லாம் அளவுப்படி தட்டுத் தட்டாக இருக்கும். யார் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுக்கலாம். ஸ்டோர் அறையில் இருப்பதெல்லாம் முழுசாகச் செய்து முடித்த கைகளும் கால்களும். அளவு கொடுத்துவிட்டுப் போனவர்கள் இன்னும் வாங்க வராதவை. ஒவ்வொன்றும் ஒரு கொக்கியில் தொங்கும். கணுக்காலிலோ மணிக்கட்டிலோ ஒரு சீட்டு.

"யாருக்கு வேணா குடுக்கலாம்னா அது ஸ்டாக்டா. ஒருத்தருக்குன்னு இருக்கு, அவரு இன்னும் வரலன்னா அது ஸ்டோர்" என்பாள். வீட்டிலும் அதே சட்டம்தான். சர்க்கரை, பருப்பு எல்லாம் ஸ்டாக். மேல்தட்டில் இருக்கும் உப்பு பிஸ்கட் டப்பா ஸ்டோர், ஏனென்றால் அது நான் மட்டும் தின்பது. ஒருநாள் பசியில் அண்ணன் அதில் கை வைத்துவிட்டான். அன்றைக்கு அவன் வாங்கிக் கட்டிக்கொண்டதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு குளிர்ந்துவிடும்.

இப்போதிருக்கும் நிர்வாகி நல்ல மனுஷன். நடைப்பயிற்சிக் கூடத்தைப் பெரிதாக்க ஒரு அறை வேண்டும் என்று இரண்டையும் சேர்க்கப் பார்த்தார். போனில் அகராதியைத் திறந்து அண்ணிக்குப் படித்தே காட்டினார்.

"பாருங்கம்மா. ஸ்டாக்னா விக்கவோ எடுத்து உபயோகிக்கவோ வெச்சிருக்கற சரக்கு. ஸ்டோர்னா பின்னாடி தேவைப்படும்னு சேர்த்து வெச்ச சரக்கு. ரெண்டும் சரக்குதானே? ஒண்ணுக்கு அர்த்தம் போடச் சொன்னா இன்னொண்ணைத்தான் போட்டிருக்கான்."

"உங்க சாப்பாட்டு டப்பா எதுல சார் வரும்?" என்றாள் அண்ணி.

அவர் கொஞ்சம் யோசித்தார். "என் பொண்டாட்டி கட்டிக் குடுக்கறதைப் பார்த்தா ரெண்டுலயும் வராதும்மா. வேற யாரும் வாங்கமாட்டாங்க, எனக்கும் வேண்டாம்" என்றார். எல்லாரும் சிரித்தோம். பேச்சு அத்தோடு விட்டுப்போனது, அறைகளும் தப்பித்தன.

அண்ணி இதில் இத்தனை பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் உண்டு. ஒற்றைக் காலில் நின்றாள் என்று எழுத வந்தது, எங்கள் இடத்தில் அதையும் சொல்ல முடியாது. முந்தைய நிர்வாகி காலத்தில் முழங்கால் மூட்டுக்குப் பெரிய தட்டுப்பாடு. ஸ்டோரில் ஒரு டீச்சரம்மாவுடைய கால் வெகுகாலமாகத் தொங்கியது. ஆள் வரவில்லை, கடிதம் போட்டும் பதிலில்லை. அதைப் பிரித்து முழங்கால் மூட்டை எடுத்து வேறொருவருக்குப் போடச் சொன்னார் நிர்வாகி. அண்ணியே திருகைக் கழற்றிக் கொடுத்தாள். மறுநாள் காலையில் கேட் திறக்கும்போது அந்த டீச்சர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார். "லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க. என் கால் இருக்குல்ல?" என்று கேட்டார்.

"அத்தனை நாளா வராதவங்க, பிரிச்ச மறுநாளே ஏன்டா வரணும்? யாரு போய்ச் சொன்னா அவங்களுக்கு?" என்று அண்ணி என்னிடம் கேட்டாள். தற்செயல் என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள், ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு ஸ்டோரிலிருந்து ஒரு திருகுகூட வெளியே போனதில்லை. ஒருத்தருக்கென்று ஒன்று காத்திருந்தால், அவர் எங்கே இருந்தாலும் அது அவரை இழுத்துவிடும் என்று அவள் நம்பினாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: எங்கள் ஸ்டோரில் தொங்கிய எதற்கும் கடைசிவரை ஆள் வராமல் போனதில்லை.

அந்த அறைக்குள் போக எனக்கு எப்போதுமே பிடிக்காது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் மெஷின்கள் நின்றதும் உள்ளே டக், டக் என்று கேட்கும். வெயிலுக்கு விரிந்த பிளாஸ்டிக் சுருங்குகிறது என்பார் மாஸ்டர். சரிதான், பிளாஸ்டிக் சுருங்கட்டும், யார் வேண்டாம் என்றது. ஆனால் அண்ணி எல்லாக் கால்களையும் விரல் பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பித்தான் மாட்டுவாள். ஏன் என்று கேட்டேன். "வாசலைப் பார்த்து இருந்தா கிளம்பற மாதிரி இருக்குடா" என்றாள். அன்றிலிருந்து அண்ணி உள்ளே இருந்தால், நூல்கண்டு கேட்பதானாலும் வாசலில் நின்றேதான் கேட்பேன்.

வருஷா வருஷம் எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குத் தேர்வு நடக்கும். ஒருவருடைய நல்ல காலை அளந்து அதற்கு ஜோடியாக மற்றக் காலைச் செய்ய வேண்டும். நீளம், கெண்டைச்சதையின் உருட்டு, பாதத்தின் வளைவு எல்லாம் ஒத்துப்போக வேண்டும். அந்த வருஷம் அளவு கொடுக்க வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. தேர்வாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பிள்ளைகள் முகம் வெளுத்து நிற்கிறார்கள். மாஸ்டர் என் மெஷினுக்கு வந்து, "ஊசி, உன் வாயைத்தான் யாரும் கேட்கல. காலைக் கொஞ்சம் குடு" என்றார். நானும் பெரிய தியாகி மாதிரி பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். என் வலது காலை அளந்து இடது காலைச் செய்தார்கள். முட்டிக்குக் கீழே காலைச் செருகும் கிண்ணத்தை மட்டும் என்னிடம் அளக்க முடியாதே, எனக்குத்தான் கால் இருக்கிறதே. அதை ஏதோ ஒரு பழைய மாதிரி அச்சில் வார்த்தார்கள்.

கால் அச்சு அசலாக வந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கே சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. பெருவிரல் கொஞ்சம் வெளியே சாய்ந்திருக்கும் என் கோணலைக்கூட அந்தப் பிள்ளைகள் விடவில்லை. அன்றைக்குப் பல்வலி என்று அண்ணி லீவு. தேர்வு முடிந்ததும் ஒரு புத்திசாலி அந்தக் காலைக் கொண்டுபோய் ஸ்டோர் அறையில் மாட்டினான். கொக்கியில் மாட்டினால் சீட்டு கட்ட வேண்டும் என்பது விதி. கட்டினான். "ஊசி. இடது" என்று எழுதினான்.

மறுநாள் அண்ணி ஸ்டோருக்குள் போனவள் வெளியே வர நேரமானது. நான் எட்டிப் பார்த்தேன். அந்தக் காலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அதன் விரல்கள் வாசலைப் பார்த்து இருந்தன.

"இதை யாரு இங்க வெச்சது?"

"எவனோ பயிற்சிப் பையன். ஏன் அண்ணி, நல்லா வரலையா?"

"உனக்கு ரெண்டு காலும் இருக்கேடா" என்றாள்.

"இருக்கு. வேணும்னா எண்ணிப் பாருங்க" என்றேன். அவள் என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அன்று மதியமே காலைச் சுவர் பக்கம் திருப்பி மாட்டினாள். மறுநாள் காலையில் பார்த்தால் விரல்கள் வாசலைப் பார்த்து நின்றன. கயிற்றில் முறுக்கு இருக்கிறது என்று மாஸ்டர் கயிற்றை மாற்றினார். அடுத்த நாளும் அப்படியே. மற்றவை எல்லாம் சுவரைப் பார்க்க, என்னுடையது மட்டும் புறப்படத் தயாராக நின்றது. நான் கிண்டல் செய்வதை நிறுத்தியது அந்த வாரம்தான்.

அதன் பிறகு வீட்டில் எனக்கு நிம்மதி போனது. ஸ்கூட்டர் சாவி காணாமல் போனது. பஸ்ஸில் ஏறினால் இறங்கும் இடம்வரை போன் வரும். சாப்பாட்டு நேரத்தில் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "காலைக் காட்டு" என்பாள். விரல் இடுக்கெல்லாம் பார்ப்பாள். நாற்பது தாண்டிய ஆம்பளையின் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? "நகமும் வெட்டி விடும்மா" என்பார் மாஸ்டர். எனக்குக் கோபம் கோபமாக வரும். "அதைப் பிரிச்சுப் போட்டுட்டு நிம்மதியா இருங்களேன், உங்களை யாரு தடுக்கறா?" என்று ஒருநாள் கத்தினேன்.

"பிரிச்சா மறுநாளே வருவாங்க. டீச்சர் வந்தாங்கல்ல?" என்றாள். "கால் இல்லாம வந்தாங்கடா அவங்க. நீயும் அப்படி வரணுமா?"

அவளுக்குப் பிரிக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். அண்ணனிடம் முறையிட்டேன். அவன் "ம்" என்றான்.

கடைசியில் என் மெஷினே என்னை மாட்டிவிட்டது. தோலைப் பலகையில் இறுக்க நாங்கள் போடும் சின்ன ஆணி ஒன்று தரையில் கிடந்திருக்கிறது. செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு மிதியை அழுத்துகிறவன் நான். இடது குதிகாலில் ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்தேன். பயந்துகொண்டு அண்ணியிடம் மறைத்தேன். அவள் மறுநாள் மதியமே கண்டுபிடித்துவிட்டாள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. புண் பழுத்தது, பாதம் வீங்கியது, சிவப்பு மேலே ஏறியது. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். எதுவரை ஏறுகிறது என்று பார்க்க டாக்டர் பேனாவால் காலைச் சுற்றி ஒரு கோடு போட்டார். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. இன்னொரு கோடு போட்டார்.

"மருந்து கேட்கலைன்னா காலை எடுக்க வேண்டியிருக்கும். மனசைத் தயார் பண்ணிக்குங்க" என்றார். அவர் விரலை வைத்துக் காட்டிய இடம் முட்டிக்குக் கீழே. பயிற்சிப் பிள்ளைகள் செய்த காலில் கிண்ணம் தொடங்கும் அதே இடம். நானும் பார்த்தேன், அண்ணியும் பார்த்தாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷமாகக் கால் போனவர்களுக்கு வார் தைத்து, "சரியாயிடும், பழகிடும்" என்று சொன்னவன், போர்வையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.

அண்ணி எழுந்து மையத்துக்குப் போனாள். அங்கே நடந்ததை மாஸ்டர் பிறகு சொன்னார். குழாய் பதிக்க மையத்து வாசல் தெருவை அன்றைக்குக் குறுக்கே வெட்டிப் போட்டிருந்தார்களாம். வண்டிகளை எல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணி பள்ளத்தின் மேல் போட்ட பலகையில் நடந்து உள்ளே வந்திருக்கிறாள். நேரே ஸ்டோருக்குப் போய்க் காலைக் கொக்கியிலிருந்து இறக்கினாள். சீட்டைக் கிழித்து வாயில் போட்டு மென்று துப்பினாள். காலைத் தூக்கிக்கொண்டு எதிர் அறைக்குப் போய், ஸ்டாக்கில், ரப்பர் பாதங்களுக்கு நடுவே காலித் தட்டில் படுக்க வைத்தாள்.

"பிரிக்கல மாஸ்டர். பிரிச்சாத்தானே தப்பு" என்றாளாம். "இது இனிமே அவனுக்குன்னு இல்ல. யாருக்கு வேணா. யாரு வந்தாலும் எடுத்துக் குடுங்க."

மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டவில்லை. அதற்கு மறுநாள் கீழே இறங்கியது. டாக்டர் மருந்தை மாற்றியிருந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். "வேலை செய்யுது" என்று ஊசிமருந்துப் புட்டியைத் தட்டிக் காட்டினார். அண்ணி அவரைக் கும்பிட்டாள். என்னைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்பு சிரித்தாள், திருடியவள் மாட்டிக்கொள்ளாதபோது சிரிக்கிற சிரிப்பு. எனக்கு அவளைக் கட்டிக்கொண்டு கத்த வேண்டும் போலிருந்தது. இரண்டு காலோடு வீட்டுக்கு வந்தேன். மேல்தட்டு பிஸ்கட் டப்பாவை அண்ணன் தானே இறக்கி என் முன்னால் வைத்தான்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அண்ணி சந்தோஷமாக இருந்தாள், அத்தனை சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஸ்கூட்டர் சாவி கிடைத்தது. மதியச் சோதனை நின்றது. ஸ்டாக் அறையில் வேலை செய்யும்போது வாய்க்குள் பாட்டுக்கூட வந்தது. தட்டில் கிடந்த அந்தக் காலை அவள் தூசிகூடத் தட்டவில்லை. அது இப்போது வெறும் சரக்கு. யாருடையதும் இல்லாத பொருளுக்குப் பயப்பட என்ன இருக்கிறது என்று நானும் நினைத்தேன்.

மழைக்காலத்தில் ஒரு ஆள் வந்தார். கண்ணாடிப் பாளங்களை லாரியில் ஏற்றி இறக்குகிற வேலை. இடது கால் முட்டிக்குக் கீழே இல்லை. என் வயதிருக்கும், என் உயரம். புண் ஆறி அளவெடுக்க வந்திருந்தார். மாஸ்டர் அச்செடுப்பதற்கு முன், தண்டுக்குழாய் நீளம் பார்க்க ஏதாவது ஒரு கால் இருந்தால் கொடும்மா என்று அண்ணியிடம் கேட்டார். ஸ்டாக்கில் முழுக்காலாகக் கிடந்தது அது ஒன்றுதான். அண்ணி எடுத்துக் கொடுத்தாள். யாருக்கு வேண்டுமானாலும் என்று சொன்னவள் அவள்தானே.

செருகினார்கள். பழைய மாதிரி அச்சில் வார்த்த கிண்ணம். யாருக்கும் பொருந்தாது, குறைந்தது ஒரு வாரமாவது தேய்த்து ராவ வேண்டும். அது அவர் காலில் சொல்லிவைத்த மாதிரி உட்கார்ந்தது. மாஸ்டர் விரலை விட்டுச் சுற்றிலும் பார்த்தார். எழுந்து நிற்கச் சொன்னார், மறுபடி பார்த்தார். "முப்பது வருஷத்துல இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்ல" என்றார். அவருக்குச் சந்தோஷம். இவர் திரும்ப அலைய வேண்டாம், இதையே போட்டுக்கொள்ளட்டும் என்று நிர்வாகியும் சொல்லிவிட்டார்.

அண்ணி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப ஆச்சு உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"கோடையிலக்கா. உங்க வாசத் தெருவைக் குறுக்க வெட்டியிருந்தாங்களே, அன்னைக்குத்தான். எப்பவும் இந்தத் தெரு வழியாத்தான் லாரி போகும். அன்னைக்குத் திருப்பிவிட்டாங்க. பின்னாடி சந்துல போனோம். அங்க ஒரு மேடு. கயிறு விட்டுருச்சு, கண்ணாடி மொத்தமும் சரிஞ்சுது" என்றார். இதைப் பலரிடம் சொல்லிச் சொல்லிப் பழகியவர்போலச் சாதாரணமாகச் சொன்னார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணி ஸ்டாக் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பின்னாலேயே போனேன். தட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் பாதங்கள், அளவு அளவாக, யாருக்கென்று தெரியாமல்.

"ஸ்டோர்ல ஒவ்வொண்ணும் ஒருத்தரைத்தான்டா பார்த்துட்டு இருக்கும்" என்றாள். "இதெல்லாம் சும்மா கிடக்குன்னு நினைச்சேன். இது எல்லாரையும் பார்த்துட்டு இருக்கு. தெருவுல போறவன் வர்றவன் எல்லாரையும்."

"அண்ணி, தெரு வெட்டினது நீங்களா? லாரியைத் திருப்பிவிட்டது நீங்களா?"

"சீட்டைக் கிழிச்சது நான்."

நான் என்னென்னவோ சொன்னேன். என் உயரத்தில் ஊரில் பாதிப் பேர் இருக்கிறார்கள் என்றேன். அந்த வாரம் எத்தனை பேருக்கு அடிபட்டதோ என்றேன். சொல்லிக்கொண்டே இருக்கும்போது என் இடது குதிகாலைத் தரையில் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அங்கேயே இருந்தது. இருப்பதில் எனக்கு அத்தனை சந்தோஷம், அந்தச் சந்தோஷத்தோடு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவருக்கு வார் நான்தான் தைத்தேன். நடைப்பயிற்சிக் கூடத்தில், கம்பிகளுக்கு நடுவே நிலைக்கண்ணாடியைப் பார்த்து நடக்கப் பழக வேண்டும். பயிற்சி கொடுக்கும் அம்மாள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "ஊசி, நீ இவர் உயரம்தானே? பக்கத்துல நடந்து காட்டு, உன் அடியைப் பார்த்து வைக்கட்டும்" என்றார். மாட்டேன் என்று சொல்ல எனக்குக் காரணம் இல்லை. இருந்த காரணத்தைச் சொல்லவும் முடியாது.

பேன்ட்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு இரண்டு பேரும் நடந்தோம். கண்ணாடியில் எதிரே இரண்டு பேர் வந்தார்கள். இடது பாதங்கள் இரண்டிலும் பெருவிரல் வெளியே சாய்ந்திருந்தது. இரண்டு தரம் போய் வந்ததும் அவர் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டார், தேவைப்படவில்லை. நான் நடையை மாற்றிப் பார்த்தேன். என் பழைய நடையை அவர் நடந்துகொண்டிருந்தார். நான் கம்பியை விட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் வந்து எதிரே உட்கார்ந்து மூச்சு வாங்கினார். முகமெல்லாம் மலர்ச்சி.

அண்ணி வாசலில் நின்றாள். அந்த நாட்களில் எப்போதுமே அவர் வந்தால் அவள் வந்து நின்றுவிடுவாள். வார் இறுகினால் தளர்த்திவிடுவாள், தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். அவருக்கு அவளைக் கண்டால் மரியாதை பொங்கியது.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க" என்றார் அவர். "இது எனக்குன்னே ரொம்ப நாளா எடுத்து வெச்சிருந்த மாதிரி இருக்கு. எனக்காகத்தான் வெச்சிருந்தீங்களா?"

நான் அண்ணியைப் பார்த்தேன், ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்று. ஒரு வார்த்தை, யாருக்கும் நஷ்டமில்லை.

"இல்லப்பா" என்றாள் அண்ணி. "இவனுக்கு வெச்சிருந்தேன்."

அவர் சிரித்தார். நல்ல வேடிக்கை என்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே என் இரண்டு கால்களையும் பார்த்தார், பிறகு இடது காலை மட்டும் பார்த்தார். குனிந்து தன்னுடையதைப் பார்த்தார். பெருவிரலைப் பார்த்தார். மறுபடி என்னுடையதைப் பார்த்தார். சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் என் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.